செத்த செடிகளின் கண்காட்சி

யாரையாவது மட்டம் தட்டாமல் கண்மணி அக்காவால் ஒரு முழு மத்தியானம் இருக்க முடியாது. சிங்கப்பூரில், செங்காங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் நானும் அவரும் நான்கு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். பெற்றோர் வேலை முடிந்து வந்து அழைத்துப் போகும்வரை எங்கள் பொறுப்பு. நான் வீட்டுப்பாடம் பார்ப்பேன். அக்கா சாப்பாடு பரிமாறுவார், சட்டையில் கொட்டிக்கொண்டவர்களைத் துடைத்துவிடுவார், சண்டையை விலக்குவார், மீதி நேரத்தில் உலகத்தைத் திட்டுவார்.

அதற்கு முன் பதினேழு வருடம் பஃபலோ ரோட்டில் ஒரு காய்கறிக் கடையில் கீரைப் பக்கம் நின்றவர் அவர். கடைக்காரர் போதும் என்று மூடிவிட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அக்கா எங்கள் நிலையத்துக்கு வந்தார். கடையில் ஒரு பெண்மணி கீரைக்கட்டைத் தூக்கிப் பிடித்து, “இது ஆர்கானிக்கா?” என்று கேட்டாராம். “பிளாஸ்டிக் இல்லம்மா, போதுமா?” என்றாராம் அக்கா. இதை அவரே பெருமையாகச் சொல்வார். கறிவேப்பிலையை ஓசியில் கேட்டவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

எங்கள் மேலாளர் ஷங்கர். முப்பத்தாறு வயது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டுமே. பிள்ளைகள் சிரித்தார்களா என்பதைவிட அவர்கள் சிரித்தது படத்தில் விழுந்ததா என்பதுதான் அவருக்கு முக்கியம். மதிய உணவுக்கு முன் படம் எடுப்பார். சாப்பிட்டபின் எடுக்கமாட்டார், தட்டில் ஒதுக்கி வைத்த காய்கறி தெரிந்துவிடும்.

ஒரு பிப்ரவரியில் அந்த ஷங்கர் கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார். எங்களைப் போன்ற ஏழு நிலையங்களை நடத்தும் தலைமை அலுவலகம் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்திருந்தது. பெயர், ‘குட்டி உழவர்கள்’. பிள்ளைகள் விதை போட்டு, வளர்த்து, அறுத்து, எது எந்த இனத்தவரின் உணவு என்று தெரிந்துகொள்வார்களாம். மே மாதத்தில் காட்சி நாள். நடுவர்கள் வருவார்கள். சிறந்த நிலையத்துக்குக் கேடயம்.

“கண்மணிக்கா, இத நீங்கதான் எடுத்துச் செய்யணும்,” என்றார். “கீரைக் கடையில இருந்தீங்கல்ல. உங்களுக்கு இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கும்லா.”

“என் ரத்தத்துல சர்க்கரைதான் இருக்கு, ஷங்கர். நான் பொறந்தது தோ பாயோவுல பன்னெண்டாவது மாடி. மண்ண மிதிச்சா அம்மா அடிப்பாங்க. நான் வித்தவ, வளர்த்தவ இல்ல.”

“அதே ஃபீல்டுதானக்கா.”

“மீன் விக்கிறவன் கடல்லயா குடியிருக்கான்?”

ஷங்கர் சிரித்துவிட்டு அக்காவின் பெயரைப் படிவத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவருடைய நிர்வாகத் திறமை அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வெளி நிறுவனத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். குளிரூட்டிய அறைக்குள் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். ஒன்றரை மணி நேரம் திரையில் படம் காட்டினார். பனி மூடிய ஏதோ ஒரு நாட்டுப் பண்ணை, சிவப்புக் கொட்டகை, இரண்டு பசு. பிறகு ஆளுக்கு மூன்று சிறு தொட்டி, அழுத்தி வைத்த தேங்காய் நார் வில்லைகள், மூன்று விதைப் பொட்டலம். லெட்யூஸ், செர்ரித் தக்காளி, ஸ்ட்ராபெர்ரி. பன்னிரண்டு பிள்ளைகள், முப்பத்தாறு தொட்டி. எல்லாத் தொட்டியிலும் பெயர் ஒட்டியாயிற்று. படம் எடுத்தாயிற்று. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். அதன்பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

“செங்காங் வெயிலுக்கு ஸ்ட்ராபெர்ரி,” என்றார் அக்கா, பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்து. “அடுத்த வருஷம் பனிக்கரடி குடுப்பாங்க, வளர்க்கச் சொல்லி.”

கூடவே ஒரு பெரிய சுவரொட்டியும் வந்தது. பளபளப்பான தாள். மூன்று கட்டம். சீனர் கட்டத்தில் கைலான் கீரை, மலாய்க்காரர் கட்டத்தில் பாண்டான் இலை, இந்தியர் கட்டத்தில் முருங்கைக்காய். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த உடை போட்ட ஒரு பொம்மைக் குழந்தை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் ரக்ஷனா. ஒன்பது வயது, தொடக்கநிலை மூன்றாம் வகுப்பு. அதிகம் பேசாத பெண். எங்கள் பிள்ளைகள் தமக்குள்ளும் எங்களிடமும் பேசுவதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன்.

“இது என்ன?” என்று முருங்கைக்காயைக் காட்டிக் கேட்டாள்.

“உங்க சாப்பாடு,” என்றான் பக்கத்தில் நின்ற அஹ்சன்.

“எங்க வீட்டுல பாஸ்தாதான்,” என்றாள் ரக்ஷனா.

தொட்டிகளை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. ஷங்கர் வாசலுக்கு நேராக, பெற்றோர் கண்ணில் படும்படி ஒரு வெள்ளை அடுக்கு வாங்கி வைத்தார். மேலே பதினாறு மாடிக் கட்டடம். அந்த இடத்தில் வெயில் விழுந்ததே இல்லை. பிள்ளைகளோ ஆசையில் ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வந்தவுடன் ஒரு தடவை, சாப்பிட்டவுடன் ஒரு தடவை, வீட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை. தன் தொட்டிக்கு மட்டுமா? தோழியின் தொட்டிக்கும்.

ஆறாம் நாள் லெட்யூஸ் முளைத்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் மேல்மாடியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்கள். தக்காளியும் தலைகாட்டியது. பிறகு எல்லாம் நூல் மாதிரி வெளிறி நீண்டன, வெளிச்சம் வந்த பக்கமாகச் சாய்ந்தன, ஒவ்வொன்றாக அடித்தண்டு கருத்து விழுந்தன. ஸ்ட்ராபெர்ரி அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, முளைக்கவே இல்லை. மார்ச் முதல் வாரத்தில் முப்பத்தாறு தொட்டியிலும் உயிர் கிடையாது. பச்சையாக இருந்தது பாசி மட்டும்தான்.

நான்கு பிள்ளைகள் அழுதார்கள். ஜியா யீ அழவில்லை. இரட்டைச் சடை போட்ட அந்தப் பெண் தன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அக்காவிடம் வந்தாள்.

“கண்மணி ஆன்ட்டி, இது ஏன் செத்துப்போச்சு?”

“தெரியலம்மா.”

“பதினேழு வருஷம் காய்கறி வித்தேன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்ப எப்படித் தெரியாம இருக்கும்?”

ஷங்கரோ தலைமை அலுவலகமோ கேட்டிருந்தால் பத்து பதில் வந்திருக்கும். ஜியா யீ காத்துக்கொண்டு நின்றாள். அக்கா தொட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் கலக்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“அந்தப் பொண்ணு கேட்டது சரிதான் நிரஞ்சனா,” என்றார், என்னைப் பார்க்காமல். “பதினேழு வருஷம் கட்டுக் கட்டாத் தண்ணி தெளிச்சு அடுக்கினேன். வாடினதப் பிச்சுப் போட்டேன். அது எப்படி முளைக்குது, எத்தன நாள் ஆகும்னு ஒருநாள் யோசிச்சதில்ல. லாரியில வரும், எறக்குவேன். ஊர்ல இருக்கிறவன் எல்லாம் ஒண்ணும் தெரியாதவன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சேன் பாரு.”

மறுநாள் அவர் பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்தார். பன்னிரண்டு பிள்ளைகளையும் சுற்றி உட்காரவைத்தார். ஆளுக்கு ஒரு தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னார்.

“எனக்கு ஏன்னு தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பிரிச்சுப் பார்ப்போம்.”

“பிரேதப் பரிசோதனை!” என்றான் அஹ்சன். தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளை.

நார் வில்லைகளைப் பிய்த்ததும் நாற்றம் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. வேர் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று அக்கா முந்தின நாள் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் பார்த்துவைத்திருந்தார். இவற்றின் வேர் தேயிலைச் சக்கை நிறத்தில், தொட்டால் கையோடு வந்தது. ஸ்ட்ராபெர்ரி விதைகளைத் தேடினார்கள். ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. “பையில விதையே இல்லையோ என்னவோ,” என்றார் அக்கா. ஐஸ்கிரீம் குச்சிகளை எடுத்து, செத்தது எது, என்றைக்கு, என்ன காரணம் என்று எழுதச் சொன்னார். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத வேண்டும். பொய்க் காரணம் எழுதக்கூடாது.

நான் அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வருடமாக வீட்டுப்பாடம் பார்க்கிறேன். எழுது எழுது என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். அன்று யாரும் சொல்லாமல் எழுதினார்கள். ‘தண்ணீர் தினமும் மூன்று தடவை.’ ‘வெயில் இல்லை.’ ‘நான் தினமும் தோண்டிப் பார்த்தேன்.’ ஒரு பையன், ‘தெரியாது, ஆனால் என் தம்பி அதில் மைலோ ஊற்றினான்’ என்று எழுதியிருந்தான். காய்ந்த தண்டுகளைக் குச்சிகளோடு சேர்த்து ஒரு காலணிப் பெட்டியில் அடுக்கி அலமாரியில் வைத்தார்கள்.

அடுத்த வேலை வெயிலைத் தேடுவது. அஹ்சன் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, அரைமணிக்கு ஒருதரம் வெளியே போய் வெயில் எதுவரை வருகிறது என்று தரையில் கோடு போடச் சொன்னார் அக்கா. நான்கு நாள் கோடு போட்டதில், மிதிவண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு துண்டு நிலத்தில் மூன்று மணியிலிருந்து நல்ல வெயில் அடிப்பது தெரிந்தது. பழக்கடையில் கேட்டு ஒரு ஸ்டைரோஃபோம் பெட்டி வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பினார்கள். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய தண்டுக்கீரை விதையை அக்கா பிள்ளைகளின் உள்ளங்கையில் கொட்டினார். கறுப்பாகப் பளபளவென்று, கடுகைவிடப் பொடி.

“இது முழுசுக்கும் ஒரு நாளைக்கு ஒருத்தர்தான் தண்ணி ஊத்தணும், ஒரு தடவதான்,” என்றார். “முறை போட்டுக்கோங்க. மத்தவங்க கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. சும்மா இருக்கறதும் வேலைதான்.”

நான்காம் நாள் முளைத்தது. கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. ஒரு மழைக்குப் பிறகு நத்தைகள் வந்து பாதியைத் தின்றுவிட்டுப் போயின. பிள்ளைகள் அதற்கும் குச்சி எழுதிப் பெட்டியில் போட்டார்கள். மீதி பாதி பிழைத்தது. இலையின் நடுவில் சிவப்பு இறங்கியபோது ஒரு சண்டை நடந்தது.

“இது பாயம்,” என்று மலாய்ப் பெயரைச் சொன்னான் அஹ்சன்.

“இல்லலா. சியன் சாய். எங்க வீட்டுல நெத்திலி, முட்ட போட்டு வேக வைப்பாங்க. சூப்பு சிவப்பா இருக்கும்,” என்றாள் ஜியா யீ.

“பாயம்தான்! எங்கம்மா தேங்காப்பால் ஊத்திச் செய்வாங்க.”

இருவரும் தீர்ப்புக்கு அக்காவிடம் வந்தார்கள். “ரெண்டும் இதுதான். நான் பதினேழு வருஷம் தண்டுக்கீரைன்னு வித்ததும் இதுதான்,” என்றார் அவர். ஜியா யீ உள்ளே ஓடிப்போய்ச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“இது எந்தக் கட்டத்துல வரும்?”

“எதுலயும் வராது. அந்தத் தாள எழுதினவன் மார்க்கெட்டுப் பக்கமே போயிருக்க மாட்டான்.”

ஏப்ரல் மூன்றாம் வாரம் கீரை முழங்கால் உயரம் வந்தது. அக்கா ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் வெட்டவைத்தார். எங்கள் நிலையத்தில் அடுப்புக்கு அனுமதி இல்லை. ஆளுக்கு ஒரு பிடி, செய்தித்தாளில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று அனுப்பினார்.

ஷங்கர் ஓடிவந்தார். “என்னக்கா வெட்டிட்டீங்க! காட்சி நாள் வரைக்கும் வச்சிருக்கலாமே. மூணு வாரம்தான!”

“மூணு வாரம் வச்சா பூத்துப்போயிடும். தின்ன முடியாது.”

“யாருக்கா திங்கச் சொன்னா? காட்டணும்ல!”

அக்கா அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அழுகின தக்காளியை ஒதுக்கும்போது கடையில் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். ஜியா யீ வீட்டில் சிவப்புச் சூப்பு. அஹ்சனின் அம்மா ஃபஸீலா தேங்காய்ப்பாலில் செய்து, அதில் கொஞ்சம் ஒரு டப்பாவில் போட்டு அக்காவுக்கும் கொடுத்தனுப்பியிருந்தார். ரக்ஷனா கடைசியாகச் சொன்னாள். “எங்கம்மா குப்பையில போட்டுட்டாங்க. கீழ மண்ணுல வளர்ந்தது, பூனை எல்லாம் போகும்னு சொன்னாங்க.”

அவள் அதைச் சோகமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொன்னாள். அக்காவின் வாயிலிருந்து ஏதோ வரப் பார்த்தது. விழுங்கிக்கொண்டார். பிள்ளைகளுக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருந்த தண்டையும் இலையையும் வீட்டுக்கு எடுத்துப்போய், பருப்பும் பூண்டும் போட்டுக் கடைந்து, மறுநாள் ஒரு கிண்ணத்தில் ரக்ஷனாவுக்குக் கொண்டுவந்தார். அவள் ஒரு கரண்டி சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி சாப்பிட்டாள்.

“நல்லா இல்ல,” என்றாள்.

நான் பதறிப்போனேன். அக்கா சிரித்தார். “சரி, நல்லா இல்லன்னா இல்ல. தின்னு பார்த்துட்டுச் சொல்ற பாரு, அது போதும். இங்க பாதிப்பேர் பார்க்காமலே சொல்றாங்க.”

காட்சி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. நர்சரியிலிருந்து முப்பத்தாறு செடிகள். பூ மாதிரி விரிந்த லெட்யூஸ், காய்த்துத் தொங்கும் தக்காளி, குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஸ்ட்ராபெர்ரி, பழத்தோடு. ஷங்கர் தானே உட்கார்ந்து பழைய தொட்டிகளிலிருந்து பிள்ளைகளின் பெயர்ச்சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துப் புதுத் தொட்டிகளில் ஒட்டினார். வியர்வை வழிய அப்படி உழைத்து அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு எங்கள் இருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையும் நடுவர்களிடம் சொல்ல வேண்டிய வசனம். ‘இதை நான் விதையிலிருந்து அன்போடு வளர்த்தேன்.’

“ஷங்கர், இது பொய்,” என்றார் அக்கா.

“பொய் இல்லக்கா. அவங்க நட்டாங்கல்ல? நட்டது உண்மை. செடியும் உண்மை. நடுவுல ஒரு ரீப்ளேஸ்மென்ட், அவ்ளோதான்லா. ஏழு சென்டர்லயும் இதான் நடக்குது.”

அது உண்மைதான். அதே வேன் அன்றைக்கு இன்னும் மூன்று நிலையங்களுக்குப் போக வேண்டியிருந்தது.

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அடுக்கைச் சுற்றி நின்றார்கள். தங்கள் பெயரைப் படித்தார்கள், தக்காளியைத் தொட்டுப் பார்த்தார்கள். “என்னுது செத்துப்போச்சே,” என்றான் ஒருவன். ஷங்கர் குனிந்து, முகமெல்லாம் சிரிப்பாக, “இது அதோட அண்ணன். புதுசா வந்திருக்கு!” என்றார்.

அப்போது ரக்ஷனா பேசினாள். குரலை உயர்த்தவில்லை. “என் தங்கமீன் செத்தப்பவும் அம்மா இப்படித்தான் வேற மீன் வாங்கி விட்டாங்க. அதுக்கு வால்ல புள்ளி இல்ல. எனக்குத் தெரியும். தெரியும்னு நான் சொல்லல.”

ஷங்கருக்கு உடனே ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. அதாவது, மணி அடிக்காத தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வசனத்தை ஒத்திகை பார்க்க வேண்டியது நாங்கள் இருவரும். அக்கா தாளை நான்காக மடித்து ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார். “நாளைக்கு வர்றவங்க கேட்டா, நடந்ததச் சொல்லுங்க. பிடிக்கலன்னா ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றார். அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். என் பொறுப்பில் இருந்த ஆறு பேருக்கு அந்த வசனத்தை நான்கு தடவை சொல்லிக் கொடுத்தேன். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, அம்மாவுக்கு மருந்து இருக்கிறது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். எழுதத் தெரிந்தவர்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

வெள்ளிக்கிழமை நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைமை அலுவலகத்து அம்மையார் ஒருவர், கதர்ப்புடவையும் பெரிய மரமணி மாலையும். மற்ற இருவரும் அவர் தலையாட்டினால் ஆட்டுகிறவர்கள். ஷங்கர் வரவேற்று அடுக்கின் முன் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மையார் குனிந்து ஸ்ட்ராபெர்ரியைப் பார்த்து, “ஐயோ, எவ்வளவு அழகு! இத யாரு வளர்த்தா?” என்று கேட்டார். தொட்டியில் ஜியா யீயின் பெயர்.

“நான் இல்ல,” என்றாள் ஜியா யீ. “அது நேத்து வேன்ல வந்துச்சு. என்னோடது இங்க இருக்கு.”

அலமாரியிலிருந்து காலணிப் பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். மெல்லிய தாளில் சுற்றிய காய்ந்த தண்டை எடுத்து அம்மையாரின் உள்ளங்கையில் வைத்தாள். குச்சியையும் கொடுத்தாள். மற்ற பிள்ளைகளும் முண்டியடித்துக்கொண்டு வந்து தங்கள் தங்கள் செத்த செடியைத் தேடி எடுத்தார்கள். ‘வெயில் இல்லை.’ ‘தண்ணீர் அதிகம்.’ ‘நத்தை.’ மைலோ ஊற்றிய தம்பியின் குற்றமும் வெளியே வந்தது. நான் சொல்லிக் கொடுத்த ஆறு பேரில் ஒருவர்கூட வசனத்தைச் சொல்லவில்லை. அந்த நிமிடம் எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

அம்மையார் கையில் செத்த லெட்யூஸை வைத்துக்கொண்டு என்ன முகம் காட்டுவது என்று தெரியாமல் நின்றார். கண்மணி அக்கா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

ஷங்கர் தொண்டையைக் கனைத்தார்.

“இது எங்களோட ஸ்பெஷல் கார்னர், மேடம்,” என்றார். “தோல்வியிலிருந்து கற்றல்.”

“ஓ!” என்றார் அம்மையார். முகம் மலர்ந்துவிட்டது. “வெரி பிரேவ்! வெரி ஆனஸ்ட்!”

அப்படியே அவரைப் பெட்டியின் முன் நிறுத்திப் படம் எடுத்தார் ஷங்கர். தோல்வியிலிருந்து கற்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அரை நிமிடம் போதும்.

இரண்டு வாரத்தில் கேடயம் எங்களுக்கு வந்தது. அடுக்கில் இருந்த நர்சரிச் செடிகள் அதற்குள் வெயில் இல்லாமல் வாடிப்போய், துப்புரவுக்காரர் எடுத்துப் போயிருந்தார். கேடயத்தில் பிள்ளைகளின் பெயர் இல்லை. அக்காவின் பெயரும் இல்லை. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு ஷங்கர் நிற்கும் படம் வாசலில் மாட்டப்பட்டது. பிள்ளைகள் அதை ஒருநாளும் நின்று பார்க்கவில்லை. ஸ்டைரோஃபோம் பெட்டியில் வெண்டை போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அதில் புழு பொறுக்கும் வேலை இருந்தது.

பிறகு தலைமை அலுவலகத்துக்கு ஆசை வந்துவிட்டது. ஏழு நிலையத்திலும் தோல்வி மூலை வேண்டும். கண்மணி அக்காவை அனுப்பி எல்லா ஊழியர்களுக்கும் இரண்டு மணி நேரப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். வைக்கோல் தொப்பியும் வந்தது. அக்கா அதை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஒரே ஒரு நிலையத்துக்குப் போனார். கூட நானும் போனேன். இருபது பேர் குறிப்பேடும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“செடி செத்தா செத்துச்சுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க,” என்றார் அக்கா. “ஏன்னு தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அப்புறம் அவங்களோட உக்காந்து பாருங்க. இதுக்கு எதுக்குங்க ட்ரெயினிங்?”

நான்கு நிமிடத்தில் பயிற்சி முடிந்தது. ஊழியர்கள் எழுதுவதற்கு வேறு ஏதாவது வரும் என்று இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பரில் அக்காவின் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. அவருடைய வேலை ‘மறுசீரமைக்கப்பட்டது’ என்று ஷங்கர் கடிதம் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போது அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியதா என்று கேட்டால், அவருக்கே தெரியாது என்றுதான் சொல்வேன்.

அக்கா இப்போது ஒரு தொடக்கப்பள்ளிக் கேண்டீனில் சோற்றுக்கடையில் காய் நறுக்குகிறார், பரிமாறுகிறார். தட்டில் கீரை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளிடம், தின்று பார்த்தாயா என்று மட்டும் கேட்பாராம். இல்லை என்றால் ஒரே ஒரு இலை வைப்பாராம். அதிலும் பாதிப்பேர் துப்பிவிடுகிறார்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை.

நான் அங்கேயேதான் இருக்கிறேன். இந்த வருடம் திட்டத்தோடு ஒரு வழிகாட்டித் தாள் வந்தது. தோல்வி மூலைக்கு ஒவ்வொரு நிலையமும் குறைந்தது ஐந்து செத்த செடிகளைக் காட்ட வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஜியா யீயும் அஹ்சனும் அவர்களுக்கு வெயிலுக்குக் கோடு போடுவதையும் தண்ணீர் முறையையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று செடிகள்தான் செத்தன. ஷங்கர் எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “இன்னும் ரெண்டு வேணும், நிரஞ்சனா. ஏதாச்சும் பண்ணுங்களேன்லா.”

நல்ல இரண்டு வெண்டைச் செடிகளைத் தொட்டியோடு பொருள் வைக்கும் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஆறு நாள் திறக்கவில்லை. யாரோ கேட்டபோது, பூச்சி வந்திருக்கிறது, தனியாக வைத்திருக்கிறேன் என்றேன். குச்சியில் காரணத்தையும் நானே எழுதினேன்: ‘தண்ணீர் போதவில்லை.’

போன வாரம் மதியம் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுதான் கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

“நீயா செஞ்ச?” என்று கேட்டார்.

“ஆமாக்கா.”

பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல்.

“சரி, பிள்ளைங்க லைன்ல நிக்கிறாங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.